வீட்டு டிக்

“படிப்பு என்னங்க?” என்று ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர்காரர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

டயர்க்காரர் கண்ணாடித் தடுப்பில் இருந்த அரைவட்ட ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி காதில் விழுந்துவிட்டது. அதைத் தாண்டி உள்ளே போகத்தான் மறுத்தது.

“உங்களைத்தாங்க கேக்கறேன். இறந்தவங்க என்ன படிச்சிருக்காங்க?”

“எழுதியிருக்கா.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“பத்தாவது பரீட்சை. இன்னிக்கு ரெண்டு மணிக்கு ரிசல்ட்டு.”

கவுன்ட்டர்காரரின் பேனா இறப்புப் பதிவுப் படிவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ விதமான பதில்களைக் கேட்டிருப்பார். இது புதிது போலிருக்கிறது.

“அதுக்கு முன்னாடி?”

“எட்டாவது.”

“அப்ப எட்டாவதுன்னு போட்டுடலாமா?”

பின்னால் நின்ற மச்சான், இறந்துபோன மனைவியின் அண்ணன், முன்னால் வந்து ஓட்டை வழியே குனிந்தார். அழுதழுது அவர் குரல் தகரம் போல ஆகியிருந்தது.

“ஃபாரத்தைக் கொடுத்துடுங்க சார். மாப்ளே படிச்சவர்தான். அவரே பாத்து எழுதிடுவார்.”

“நாளைக்குக் காலையில அடையாள அட்டை நகலோட கொண்டு வாங்க. ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக்கூடாது” என்று சொல்லிப் படிவத்தை வெளியே தள்ளிவிட்டு, அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

டயர்க்காரர் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எழுத்து வழக்கம் போலவே குண்டு குண்டாக வந்தது. வயது நாற்பத்தேழு. தொழில், ஆயத்த ஆடை நிறுவனத்தில் உதவியாளர். கல்வித் தகுதி என்ற கட்டத்தை விட்டுவிட்டார். அதற்கு நேர் கீழே கணவர் அல்லது மனைவியின் கல்வித் தகுதி என்று இருந்தது. கை அவரைக் கேட்காமலே எழுதிவிட்டது: பத்தாம் வகுப்பு தேர்ச்சி. ரேஷன் கார்டிலிருந்து மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் வரை எழுதி எழுதிப் பழகிய கை.

படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் அவளுடைய செருப்பு, கைப்பை, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. அதைத் தொட்டபோதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

காலையில் ஆறே முக்காலுக்கு அவள் படி இறங்கும்போது சொன்னது இதுதான். “ரெண்டு மணிக்கு ரிசல்ட்டுங்க. போனைச் சார்ஜ்ல போட்டு வைங்க. அந்த நேரம் பாத்து உங்க போன் செத்துடும்.” இவர் “ம்” என்றார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தின் கடைசி வார்த்தை அந்த “ம்”. ஏழரைக்குக் கம்பெனி வாசலில் கார்டு தேய்க்கக் கையை நீட்டியவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். தகவல் சொல்லி அழைப்பு வந்தபோது போன் சார்ஜில்தான் இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினார். இப்போது அது அவருடைய பேன்ட் பையில் நூறு சதவீதத்துடன் கிடந்தது.

*

பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் அவர் டயர்க்காரர். மனைவி வீட்டாருக்கு மட்டும் படிச்ச மாப்பிள்ளை. பெண் பார்க்கப் போன அன்று அவருடைய அப்பா, “பையன் பத்தாவது பாஸு” என்று சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். அப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இவர் சும்மா இருந்தார். பத்தாவது எழுதியது உண்மை. கணக்கில் பத்தொன்பது வாங்கியதும் உண்மை. மறுபடி எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பணிமனையில் வேலை கிடைத்தது. டயர் மாட்ட எட்டாவது போதும் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யாரும் சோற்றைக் கிளறிப் பார்க்காவிட்டால் இருபத்தேழு வருடம்கூட மறைக்கலாம்.

கிளற வந்தவள் அவள்தான், அதுவும் தெரியாமல். கம்பெனியில் அவளுக்கு நூல் வெட்டும் வேலை. தைத்து வரும் சட்டையில் தொங்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். ஒன்பது மணி நேரமும் நின்றுகொண்டேதான். சின்னப் பெண்கள் அவளை நூலக்கா என்றார்கள். அடுத்த மேசையில் செக்கிங். அவர்களுக்கு நாற்காலி உண்டு. சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சுண்டுவிரல் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே தப்பு. “உக்காந்துக்கிட்டே தப்புக் கண்டுபிடிக்கிற வேலைங்க. வீட்ல சம்பளம் இல்லாம செய்யறேன், அங்க சம்பளத்தோட செய்யலாம்” என்பாள். ஆனால் செக்கிங் நாற்காலிக்குப் பத்தாவது பாஸ் வேண்டும்.

கிழிந்து ஓரமாக எறிந்த ஸ்டிக்கர் தாள்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். இவர் சட்டையில் பொத்தான் விழுந்த இடத்தில் ஒன்று ஒட்டியிருக்கும். அரைகுறையாகக் கழுவிய டம்ளரில் ஒன்று. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது இவர் மோவாயில் சவரம் விட்டுப்போன இடத்தில் ஒன்று இருந்தது. அதோடு அரை நாள் டயர் கழற்றியிருந்தார்.

கால் வீங்கிக்கொண்டு வந்த ஒரு மாலையில் அவள், “நான் பத்தாவது எழுதப் போறேன்” என்றாள். அரசுப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடந்தது. பிள்ளைகளின் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். “முட்டி இடிக்குதுங்க” என்று அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தாள்.

“நாப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. வீட்ல பாக்க ஆள் இருந்தா வீட்லயே பாத்துக்குங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பத்தாவதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சரியான்னு பாருங்க.”

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வரி வரியாக ஓட்டினார். சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்ததற்கும் ஒன்று போட்டார்.

“எல்லாமே சரியா?”

“எல்லாம் சரி.”

“நான் அவ்வளவு மக்கு இல்ல போலிருக்கே!”

புலி வாலைப் பிடித்த கதைதான் அப்புறம். கஷ்டமாகத் தெரிகிற கணக்குக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டு டிக் போடக் கற்றுக்கொண்டார். ஒரு கைடு வாங்கிப் பணிமனைக் கருவி அலமாரியில் ஒளித்து வைத்தார். மதிய வேளையில் புரட்டுவார். நாலு வரி போவதற்குள் பதினைந்து வயதுக்காரனாகி வியர்த்துவிடும். கைடில் கிரீஸ் ஏறியதுதான் மிச்சம்.

முதல் வருடம் அவள் மற்றதெல்லாம் பாஸ், கணக்கில் இருபத்தெட்டு. முப்பத்தைந்து வேண்டும். “வீட்ல எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. அங்க போய்ப் பதட்டத்துல கோட்டை விட்டுட்டேன்” என்றாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி எழுதுகிறேன் என்றவள், இவரைப் போல இல்லாமல், மறுபடியும் பணம் கட்டிப் போய் உட்கார்ந்தாள். மறுபடியும் தினம் சாயங்காலம் நோட்டு மடிக்கு வந்தது. ஒரே வித்தியாசம், முடிந்த பக்கங்களையெல்லாம் சேர்த்துத் துணி கிளிப் போட்டு மூடியிருப்பாள். அன்றைக்குப் போட்ட கணக்கு மட்டும்தான் திறந்திருக்கும். கம்பெனிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த முறையும் அவள் ஃபெயிலானால் அது யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். நேற்று வரை ஒரு சமாதானம் இருந்தது. ஃபெயிலானால் சொல்லிவிடுவது, காலில் விழுவது, மூன்றாம் முறை நல்ல ஆளாகப் பார்த்து டியூஷன் வைப்பது. இன்று காலையோடு அந்தச் சமாதானம் முடிந்துவிட்டது.

*

பதினோரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறைக் கட்டிலை வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை வைத்தார்கள். தெருவிலிருந்து நாற்காலிகள் வந்தன. யாரோ ஒரு பெண் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, டிபன் பாக்ஸில் இருந்ததைக் கொட்டி, பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தாள். மூடியில் சோப்பு நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஓர் அம்பு ஒட்ட வேண்டிய இடம் என்று டயர்க்காரர் நினைத்தார். அப்படி நினைத்தது தவிர அவருக்குள் வேறு சத்தமே இல்லை.

கைப்பையை மட்டும் தானே எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பக்கவாட்டு ஜிப்பில், உறைக்குள், ஹால் டிக்கெட். போட்டோவில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தினது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துச் சட்டைப் பையில், படிவத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

மகள் பன்னிரண்டரைக்கு வந்தாள். வெளியூரில் மருந்துக் கடையில் வேலை. பஸ்ஸில் நாலு மணி நேரம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். வந்ததும் அம்மாவின் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து வந்து அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நேத்து ராத்திரி போன் பண்ணுச்சுப்பா. ரிசல்ட் வந்ததும் மொதல்ல உனக்குத்தான் சொல்வேன்னு சொல்லுச்சு.”

“ம்.”

“ஹால் டிக்கெட் எங்கப்பா? நம்பர் வேணும்.”

“தெரியலம்மா.”

“பையில இருக்கும்.”

“பாத்தேன். இல்ல.”

சட்டைப் பையின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து மகள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

ஒன்றே முக்காலுக்கு மாலை வகுப்பு வந்தது. ஆறேழு பேர். பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர், டாக்ஸி ஓட்டும் ஒரு பெண், சீருடையோடு ஒரு வாட்ச்மேன், இன்னும் சிலர். எல்லாம் தலை நரைத்த பிள்ளைகள். பெட்டியைச் சுற்றி நின்றுவிட்டு, எதிர்வீட்டு நிழலில் போய் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பழக்கமோ என்னவோ, யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. அவர்களோடு வந்த கணக்கு டீச்சர் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

இரண்டு மணி அடித்தது. யாரும் போனை எடுக்கக் கையைப் பைக்குள் விடவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு ஐந்துக்கு வாட்ச்மேன் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு குலுங்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள், பாவம், எவ்வளவு பாசம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

டயர்க்காரருக்குப் புரிந்துவிட்டது. வாட்ச்மேன் மூன்றாம் முறையாக எழுதியவர் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

வாட்ச்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக இவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருப்பார். வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது.

“நான் பாஸுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்க. தெரியாம வந்துடுச்சு.”

“நல்லதுங்க” என்றார் டயர்க்காரர். நிஜமாகவே நல்லது என்றுதான் தோன்றியது. அன்று காலையிலிருந்து அவருக்குத் தோன்றிய முதல் விஷயம் அது.

“அக்காதாங்க காரணம். என் நோட்டை வாங்கிப் பாத்து, தப்பு இருக்கற இடத்துல குட்டியா ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்க. பேனாவுல அடிச்சா மனசு ஒடஞ்சுடும், ஸ்டிக்கர்னா திருத்தினதும் பிச்சிப் போட்டுடலாம்பாங்க. எனக்கு யாருங்க வீட்ல பாக்கறதுக்கு? அவங்களுக்காவது நீங்க இருந்தீங்க. இது வீட்டு டிக், வீட்டு டிக்னு பெருமையாக் காட்டுவாங்க.”

டயர்க்காரர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். வாட்ச்மேன் விடவில்லை. பாஸான கை, கெட்டியாகப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு டீச்சர் வந்து நாற்காலி அருகில் குனிந்தாள்.

“சார், எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்கு. அவங்களோடதும் பாத்துட்டேன். சொல்லவா?”

அவருக்குப் பயமாக இருந்தது. அவள் செத்துப்போன செய்தியைக் கேட்டபோதுகூட வராத பயம். அந்தச் செய்திக்கு முதலில் அர்த்தமே புரிந்திருக்கவில்லை. இது நன்றாகப் புரிந்தது.

“வேண்டாம் டீச்சர்.”

“சரி சார். அப்புறமா அவங்க நோட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதுல நான் ஒரு நாள்கூடப் பேனா வச்சதில்ல. வைக்க விடமாட்டாங்க.”

என்ன சொல்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் காலையிலேயே பூட்டிக் கிடந்தது. நாலு மணிக்கு வண்டி வந்தது. மச்சான், “எல்லாரும் ஒரு தடவை பாத்துக்குங்க” என்று கத்தினார். தூக்கும்போது பெட்டியின் ஒரு மூலை கதவு நிலையில் இடித்தது. மரத்தில் சின்னதாகச் செதில் பெயர்ந்தது. டயர்க்காரர் கூடவே போனார், சொன்ன இடத்தில் நின்றார், கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், திரும்பி வந்தார்.

*

ஐந்தே முக்கால். நாற்காலிகள் போய்விட்டிருந்தன. மச்சான் முன்னறையில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். மகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தினமும் இந்த நேரத்துக்குத்தான் நோட்டு மடிக்கு வரும். டயர்க்காரர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். நோட்டு அங்கேயே இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா. அதற்கடியில் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் தாள். பரீட்சை முடிந்து மூன்று வாரமாகியும் அவள் எடுத்து வைக்கவில்லை. ரிசல்ட் வரட்டும் என்றிருந்தாள்.

துணி கிளிப்பை எடுத்தார்.

முதல் பக்கத்தில் ஐந்து கணக்கு. ஐந்துக்கும் அவருடைய டிக், பெரிதாக, வாலை இழுத்துவிட்ட டிக். அவற்றில் நாலு கணக்குகளின் நடுவே நாலு சிவப்பு அம்பு. ஒவ்வொரு அம்பும் ஒரு வரியைக் காட்டியது. அம்புக்குப் பக்கத்தில் பென்சிலால், அவளுடைய எழுத்தில், பொடியாக: “இங்க குறி மாறணும்.” “ரெண்டால் வகுக்க மறந்தாச்சு.” அதற்குக் கீழே கணக்கு முழுவதையும் மறுபடி போட்டிருந்தாள்.

திருப்பினார். மூன்று அம்பு. திருப்பினார். நாலு. டிக் ஒன்றின் மேல்கூட அம்பு ஒட்டியிருக்கவில்லை. ஒன்றைக்கூட அடித்திருக்கவில்லை. தப்பான கணக்கின் ஓரத்தில் அவருடைய டிக் அப்படியே, போட்டது போட்டபடி, இருந்தது.

அப்படியானால் முதல் வருடம் இருபத்தெட்டு வாங்கி வந்தவள், அடுத்த வகுப்பிலேயே வரிசையில் போய் நின்றிருக்கிறாள். டீச்சர் பார்த்துத் தப்பைக் காட்டியிருக்கிறாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, தினம் சாயங்காலம், “என்னங்க, சரியான்னு பாருங்க” என்று நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருடம் முழுக்க.

நோட்டின் பாதிக்கு மேல் ஒரு பக்கத்துக்கு ஓர் அம்பு என்று ஆனது. பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒன்று. கடைசி இருபது பக்கங்களில் ஒன்றுமே இல்லை. டிக் மட்டும்தான். அங்கே அவர் போட்ட டிக் எல்லாமே சரி.

“அம்மாடி” என்று கூப்பிட்டார். மகள் எழுந்து வந்தாள். சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

“இல்லன்னு சொன்னீங்களே?”

“இருந்துச்சு.”

அவர் தன் போனை நீட்டினார். இன்னும் தொண்ணூற்றொரு சதவீதம் இருந்தது. அவள் நம்பரைத் தட்டினாள். பிறந்த தேதியைத் தட்டினாள். திரை கொஞ்ச நேரம் வெள்ளையாகவே நின்றது.

“பாஸுப்பா.”

“கணக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

மகள் அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். ஈரமாக இருந்தது. தனக்கும் அழ வேண்டும் என்றுதான் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ அது முட்டிக்கொண்டு நின்றது. நாற்பத்தொன்று என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்து மேசை மேல் நீவினார். நாலு மடிப்பும் நாளெல்லாம் வியர்வை பட்டு மெத்தென்று ஆகியிருந்தன. நீலப் பேனாவை எடுத்தார். காலியாக இருந்த கட்டத்தில், அவள் பெயருக்கு நேராக, குண்டு குண்டாக எழுதினார்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி.

மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சுல்ல” என்றாள். மேல் கட்டத்தில் அம்மா, கீழ்க் கட்டத்தில் அப்பா. அதே வார்த்தை, அதே கையெழுத்து.

டயர்க்காரர் அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பஸ் வேகத்தைக் குறைத்துத் திரும்பியது. பின் டயரில் காற்று குறைவு என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

ஸ்டிக்கர் தாளை எடுத்தார். தடித்த விரலுக்கு அது லேசில் உரியவில்லை. இரண்டு முறை கிழிந்தது. மூன்றாவதை நகத்தால் நெம்பி எடுத்து, படிவத்தில் கீழ்க் கட்டத்தின் மேல், ‘தேர்ச்சி’ என்ற இடத்தைக் காட்டும்படி ஒட்டினார். விரலால் அழுத்தினார்.

“என்னப்பா இது?”

“தப்பு இருக்கற இடத்துல ஒட்டணும்.”

மகள் அம்பைப் பார்த்தாள். அது காட்டும் வார்த்தையைப் படித்தாள். திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டி. முதல் பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னறையில் மச்சான் தூக்கத்தில் தங்கச்சி பெயரைச் சொல்லி முனகிவிட்டு மறுபடி அடங்கினார்.

“மாமாவுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாது.”

“அம்மாவுக்கு?”

“தெரியும்” என்றார்.

மகள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாளைக்கு வேறு ஒன்று வாங்கித் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்றாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். நோட்டின் பக்கங்களை ஒன்று சேர்த்து, விளிம்பைத் தட்டி நேராக்கி, அவள் போட்டிருந்த இடத்திலேயே கிளிப்பை மாட்டினார்.